யதுஷா ஆடி முடிக்கும்வரை

கனடாவின் பிக்கரிங் கோல்ஃப் மைதானத்தில் யதுஷா ஆடி முடிக்கும்வரை சூரியன் மறைவதில்லை. வேலிக்கு வெளியே கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு அடுத்த ஊரான விட்பிப் பக்கம் ஓடும். உள்ளே மட்டும் மாலை வெயில் கிடக்கும். அவளது கடைசிப் பந்து குழிக்குள் விழுந்ததும் சட்டென்று இருட்டிவிடும். சூரியனுக்கே பொறுக்காத அநியாயம் ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த மைதானத்தில் பெண்களின் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கி இரண்டாவது வருடம். மைதானத்தை நடத்தும் கோல்ஃப் கழகத்து ஆண்கள் பொழுதுபோக்குக்கு ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு மைதானம். ஒருவர் பியர் குடித்துக்கொண்டு ஆடுவார், ஒருவர் கூரை திருத்துகிறவனோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டு ஆடுவார். இதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் ஓரமாக நிற்க வேண்டும். முதல் வருடம் பாதி ஆட்டங்கள் இருட்டில் நின்றுபோயின. முடியாத ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை. இந்த வருடமும் புள்ளி சேராவிட்டால் போட்டித் தொடரில் யதுஷாவின் இடம் பறிபோய்விடும்.

அவளுடைய மனேஜர் சித்தி கோணேஸ்வரி. பக்கத்திலுள்ள ரூஜில் இருக்கிறாள். முன்பு ஸ்காபரோ கல்யாண மண்டபமொன்றில் புக்கிங் பார்த்தவள். அங்கே மந்திரியே வந்தாலும் முதலில் கேட்ட குடும்பத்துக்குத்தான் காலை முகூர்த்தம். அதே பழக்கத்தில், எல்லாருக்கும் முந்திப்போய்ப் பணிவாகக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி, ஒரு தட்டு மட்டன் ரோல்ஸுடன் கழக நிர்வாகி மரியோவிடம் போனாள். கழகத்தின் நிர்வாகக் குழுவில் எல்லோரும் சாப்பிட்டார்கள், உறைப்பைப் புகழ்ந்தார்கள், மறுபடியும் கடைசி நேரத்தையே கொடுத்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போலும்.

அந்தக் கோடையில்தான் சூரியன் நிற்கத் தொடங்கியது. இனியாவது வெட்கப்படுவார்கள் என்று கோணேஸ்வரி நினைத்தாள். வெட்கமா? வெளிச்சம் தாராளமாக இருப்பதால் பெண்களின் நேரத்தை மாற்றத் தேவையில்லை என்று குழு முடிவெடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் யதுஷா அவசரப்படாமல் கொஞ்சம் ஆறுதலாக ஆடினால் தாங்களும் அந்த வெயிலில் இன்னொரு சுற்று ஆடலாம் என்று ஆண்கள் கேட்டனுப்பினார்கள். வயிறு எரியுமா எரியாதா? நம்மவர்களும் குறைந்தவர்கள் இல்லை. யதுஷாவுக்குப் பண ஆதரவு தந்த, வீடு விற்கும் முகவர் செல்வரட்ணம் போன் எடுத்தார்.

"அக்கா, மகளின்ரை கலியாண அவுட்டோர் சூட்டுக்குப் பிள்ளையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வெயில் நிண்டால் படம் வடிவா வரும்."

"அவள் கோல்ஃப் விளையாடுறவள். லைற் பிடிக்கிறவள் இல்லை," என்று கோணேஸ்வரி போனை வைத்தாள். ஆதரவும் அதோடு போயிற்று.

"ஐம் டயர்ட், சித்தி. வெயில் நிக்குது, எல்லாரும் முடிக்கினம். இட்ஸ் ஓகே, விடுங்கோ," என்றாள் யதுஷா.

"விடமாட்டன். சூரியனுக்கு இருக்கிற மரியாதை உவங்களுக்கு இல்லையோ?"

பருவத்தின் கடைசிப் போட்டியன்று கோணேஸ்வரி விடியுமுன்பே அவளைக் கூட்டிவந்து, மைதானத்துக் கார் தரிப்பிடத்தில் நிறுத்தி, இறங்காதே என்றாள். வீதியில் பொழுது விடிந்தது. பள்ளிக்கூட பஸ்கள் போயின. மைதானத்தில் நட்சத்திரங்கள் அப்படியே நின்றன. உறுப்பினர்கள் போன் வெளிச்சத்தில் பந்தடித்துத் தொலைத்தார்கள். மரியோ வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி, என்ன செய்யலாம் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். இன்று மட்டுமல்ல, எந்தப் போட்டியிலும் முதல் நேரம் எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றாள் கோணேஸ்வரி. குழுவைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மத்தியானம்வரை பொறுத்துப் பார்ப்போம் என்றது குழு. மத்தியானமும் வந்தது, நிலா கூட அசையவில்லை. கடைசியில் மரியோவே வாசல் பலகையில் நேரங்களை அழித்து எழுதினார். யதுஷா இறங்கிப்போய் முதல் பந்தை அடித்தாள். விடிந்தது.

அவள் மூன்றாவதாக வந்தாள், இடம் தப்பியது. அதன்பிறகு போட்டி நாட்களில் அங்கே பெண்கள் அடித்த பிறகுதான் விடிகிறது, ஆண்களும் அதற்கேற்ப அலாரம் வைத்துக்கொள்கிறார்கள். தங்கள் முறை வரும்போது வெயில் ஏறிவிடுகிறது, தலை சுடுகிறது என்று சிலர் மரியோ மூலம் முறைப்பாடு அனுப்பினார்கள். கோணேஸ்வரி தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.