பூஜையில் வைத்த கயிறு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது.

கிழக்கேகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டு முன்கட்டில் பேச்சிமுத்து குடும்பம் குடியிருக்கிறது. ஓட்டலில் தோசைக்கல் வேலை பார்ப்பவருக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்காது. அதனால் அவர் மகள் பொன்செல்வியை ஸ்கூட்டரில் ஏற்றி, நெடுமங்காடு சாலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் குதிரைப் பள்ளியில் விட்டு, அவள் முடிக்கும்வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் தலையில் விழுந்தது. கதை எழுதுகிறவளுக்கு வேறு வேலை கிடையாது என்பது ஊர் அறிந்த விஷயம்.

பள்ளியை நடத்துகிறவள் லிபி. அரசுப் பள்ளிகளுக்குத் தானே போய், ஆசைப்படுகிற பிள்ளைகள் சிலரைக் காசு வாங்காமல் சேர்த்துக்கொள்வாள். அப்படிக் கை தூக்கியவள்தான் பொன்செல்வி. வயது பத்து.

உட்கார்ந்த நாற்காலியிலேயே கதையைத் தொடங்கிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "ரப்பர் மரங்களுக்கு மேல் கதிரவன் எழ, வெண்புரவி பிடரி சிலிர்த்து..."

(நிறுத்திவிட்டேன். அந்தக் குதிரையின் பெயர் அம்மிணி. மண் நிறம், தொப்பை. பிடரி தேய்ந்த துடைப்பம் மாதிரி இருக்கும். புரவி என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.)

தொடக்கம் இரண்டு: "குதிரையேற்றம் என்பது மனிதன் தன் அச்சத்தோடு செய்துகொள்ளும்..."

(இது கட்டுரை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.)

தொடக்கம் மூன்று: "பொன்செல்வி லத்தி அள்ளினாள்."

இதை வைத்துக்கொள்கிறேன். நடந்ததும் இதுதான்.

2

ஆடி மாதம் சேர்ந்தவள், ஆவணி முழுக்கக் குதிரை லத்திதான் அள்ளினாள். குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள். உடம்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏறக் கத்துக்கட்டும்னுதானே அழைச்சுண்டு வரேன். இதென்ன கூத்து?" என்று லிபியிடம் கேட்டேன்.

"மாமி, அம்மிணி சைக்கிள் அல்லல்லோ. சைக்கிளுக்கு வயிறு இல்ல. முதல்ல வயிறு, குளம்பு, தோலு. பின்னே முதுகு. ஏறுறது விஜயதசமிக்கு."*

விஜயதசமியன்று இந்த மலையாள ஊரில் குழந்தைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைப்பார்கள். பாட்டு, நடனம் எல்லாம் அன்று தொடங்கும். லிபி தன் பிள்ளைகளை முதன்முதலாகக் குதிரையில் ஏற்றுவதும் அன்றுதான்.

(* லிபிக்குச் சொந்த ஊர் எல்லையோரத்துப் பாறசாலை, மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவாள். அவள் தமிழைத் திருத்திப் போடலாமா என்று யோசித்தேன். திருத்தினால் அது அவள் பேச்சாக இருக்காது. அவளுக்கும் கோபம் வரும்.)

3

பொன்செல்வி மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு கதையைத் தாங்க இவள் போதுமா? வாயே திறக்க மாட்டாள். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்.

"மாமி, விஜயதசமி என்னைக்கு வருது?"

"போன வாரம் சொன்னேனோல்லியோ, அன்னிக்குத்தான்."

அடுத்த சனிக்கிழமையும் கேட்பாள். சரி, ஆசை இருக்கிறது, கதைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இனி பூஜைவைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் கருவிகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பட்டுத்துணியால் மூடிவிடுவார்கள். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தெய்வம் கிடையாது. என் பேனாவும் லேப்டாப்பும்கூட அன்று பட்டுக்குக் கீழே போய்விட்டன. (எழுதக்கூடாது, சரி. வாக்கியங்களை மனசில் கோக்கலாமா? சாஸ்திரம் இதைச் சொல்லவில்லை. நான் கோத்தேன். அடுத்த பகுதியில் வருவதெல்லாம் அப்படிக் கோத்ததுதான்.)

லிபி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் பிள்ளைகளுக்குக் குறை தோன்றக்கூடாது என்று சேணம், கடிவாளம், பிரஷ் எல்லாவற்றையும் பெஞ்சில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் வைத்தாள். அம்மிணியைப் பிடித்து நடத்துகிற கயிறு உட்பட ஒரு கயிறு பாக்கியில்லாமல் வைத்துப் பட்டால் மூடினாள். பிறகு பொன்செல்வியைக் கூப்பிட்டாள்.

"மோளே, நாளைக்கு நவமி. சவாரி இல்ல. நின்னுகிட்டே தின்னா குதிரைக்கு வயிறு கெட்டுப்போகும். ரெண்டு நேரமும் அம்மிணியை நடத்தணும், கேட்டோ. நான் அம்மையைப் பார்த்துட்டு வைகுந்நேரம், சாயங்காலத்துக்குள்ள வரும்."

பொன்செல்வி தலையாட்டினாள்.

லிபிக்குக் கயிறு கயிறுதான். எடுக்கலாம், நடத்தலாம், திரும்ப வைக்கலாம். பொன்செல்விக்கோ பட்டுக்குக் கீழே போனது தசமிவரை சரஸ்வதியின் சொத்து. எடுத்தால் வித்தை ஓடிப்போகும். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

4

நவமி காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டேன். போன வேகத்தில் திரும்பினாள்.

"நடத்தினியோடி?"

"பக்கத்துலயே நின்னேன் மாமி. தடவிக் குடுத்தேன்."

லாயத்து ஆள் வழக்கம்போலக் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டான். அம்மிணியும் வழக்கம்போல மிச்சம் வைக்காமல் தின்றது.

சாயங்காலம் நாங்கள் போனபோது அது முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. உடம்பெல்லாம் வேர்வை. லிபிக்குப் போன் போட்டேன். பாலராமபுரத்தில் நெரிசலில் மாட்டியிருந்தாள்.

"எழுப்பி நடத்துங்கோ மாமி. உருள விடாண்டா. குடல் முறுகினா போச்சு. டாக்டர் வந்துகிட்டிருக்காரு."

இந்த இடத்தை மூன்று விதமாக மனசில் கோத்துப் பார்த்தேன்.

முதல் விதத்தில் நான் பாய்ந்து பட்டுத்துணியை விலக்கிக் கயிற்றை... (பொய். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குதிரை என்றால் எனக்கு இன்றும் பயம்.)

இரண்டாம் விதத்தில் பொன்செல்வி துப்பட்டாவை அம்மிணியின் கழுத்தில் கட்டி... (உண்மைதான், கட்டினாள். அம்மிணி ஒரு உதறு உதறியதும் துப்பட்டா கிழிந்து கையோடு வந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம்.)

மூன்றாவது விதம் நடந்தது. அவள் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். கை கூப்பினாள். நான் பக்கத்தில் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

"சரஸ்வதி தாயே, எனக்குக் குதிர ஓட்ட வரலேன்னாலும் சாரமில்ல, பரவால்ல. படிப்பு வரலேன்னாலும் சாரமில்ல. அம்மிணிக்கு வயித்துநோவு போகட்டும்."

துணியை விலக்கிக் கயிற்றை எடுத்தாள்.

எனக்கு அழுகை வந்தது. கதைசொல்லி அழக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.

5

நடத்தினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே மெதுவாக, அம்மிணியின் கன்னத்தோடு தோளை ஒட்டிக்கொண்டு, விடாமல் ஏதோ பேசிக்கொண்டே நடத்தினாள். அது படுக்கப் பார்த்த போதெல்லாம் கயிற்றை இழுத்து அதட்டினாள். டாக்டர் வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார், ஊசி போட்டார். மறுபடியும் நடத்தச் சொன்னார். அதற்குள் லிபியும் வந்துவிட்டாள். நாலு பேரும் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்மிணி லத்தி போட்டது.

லிபி என்னைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் சிரித்தார். இலக்கியத்தில் இதற்கு முன் யாராவது லத்திக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறார்களா, தெரியாது. பொன்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. ஓரமாகப் போய், கயிற்றைக் கழுவி, சுருட்டி, பட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

6

விஜயதசமியன்று அம்மிணிக்கு டாக்டர் ஓய்வு சொல்லியிருந்ததால் மற்றப் பிள்ளைகள் பள்ளியின் இன்னொரு குதிரையில் ஏறினார்கள். பொன்செல்வி போகவில்லை. நான் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மத்தியானம் லிபியே வீட்டுக்கு வந்தாள்.

"தப்பு என்னோடதாணு மோளே. கயிறை அங்க கொண்டு வச்சது நான்."

"வச்சது நீங்க டீச்சர். எடுத்தது நாந்தான."

லிபி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். பேச்சிமுத்து அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்.

"ஏட்டி, எங்க ஓட்டல்ல தோசக்கல்லுக்குப் பொட்டு வச்சு சாமி கும்பிட்டுட்டு, அப்பவே தோச சுடுதோம். ஒண்ணும் ஆவலியே."

"தோசக்கல்லுக்கு உசிரா போவுது?" என்றாள் பொன்செல்வி. "நான் சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். ஓட்ட வரலேன்னாலும் சாரமில்லன்னு. இப்ப போய் ஏறுனா சொன்ன சொல்லு பொய்யாயிராதா?"

இப்படி ஒரு கேள்வியைக் கேட்பாள் என்று தெரிந்திருந்தால் மூன்றாம் பகுதியில் அவளைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். (அந்த வரியை அடித்துவிடலாம்தான். இருக்கட்டும்.)

ஆனால் அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏற மாட்டேன் மாமி. அள்ளதுக்கு வாரேன்."

7

முடிவுகள்.

(அ) சரஸ்வதி கனவில் வந்து மன்னித்துவிடுகிறாள். எழுதினேன், கிழித்தேன். கனவை நம்பி முடிக்கிற கதை எனக்குப் பிடிக்காது.

(ஆ) "வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே சொன்னாய், வரக்கூடாது என்று சொல்லவில்லையே" என்று நான் விளக்க, அவள் தெளிகிறாள். இதை நிஜமாகவே ஸ்கூட்டரில் போகும்போது சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றாள். அந்த 'ம்'முக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

(இ) இனி வருவது முடிவே இல்லை.

டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்து, வெறும் சனிக்கிழமை ஒன்று. பஞ்சாங்கத்தில் அன்றைக்கு ஒரு விசேஷமும் இல்லை. பொன்செல்வி அள்ளி முடித்தாள். அம்மிணியைத் தேய்த்தாள், குளம்பு பார்த்தாள். லிபி சேணத்தைக் கொண்டுவந்து பூட்டினாள், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. அம்மிணி தலையைத் திருப்பிப் பொன்செல்வியின் தலைமுடியை முகர்ந்து, மூச்சை ஊதியது.

பொன்செல்வி வாளியைக் கீழே வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். யாரிடம், என்ன கேட்டாள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கேட்கவில்லை. பிறகு அம்மிணியின் இடது பக்கம் போய், இரண்டு கையாலும் சேணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சேணம் அவள் தலைக்கு மேலே இருக்கிறது. தானாக ஏற அவளுக்கு எட்டாது. இப்படிச் சின்னப் பிள்ளைகள் இடது காலை முழங்காலில் மடக்கி நிற்பார்கள். ஒருவர் அந்தக் காலுக்குக் கீழே இரண்டு கையையும் கோத்துப் பிடித்து, எண்ணி, மூன்றுக்குத் தூக்கிவிட வேண்டும். லிபி குதிரையின் தலையை விட முடியாது. என் இரண்டு கையும் இதை எழுதிக்கொண்டிருக்கின்றன. பேச்சிமுத்து ஓட்டலில் இருக்கிறார். மிச்சம் யார் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டாம், கனமே இல்லாத பிள்ளை. கையைக் கோத்துக்கொண்டு கொஞ்சம் குனியுங்கள்.

யாரும் சொல்லாமலே அவள் காலை மடக்கிவிட்டாள். எண்ணுவதும் அவளேதான்.

"ஒண்ணு," என்றாள்.

"ரெண்டு."