ஏழாவது அடுக்கில் அலோமா

இருபத்திரண்டு வருடமாக ரெமெய் மனிதக் கோபுரத்தின் அடியில் நிற்கிறாள். தன் குழு கட்டிய ஒரு கோபுரத்தைக்கூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பாள்? அடியில் நிற்கிறவர்கள் தலையைக் குனிந்து, முன்னால் இருப்பவர் முதுகில் கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். புகைப்படமும் கைதட்டலும் மேலே ஏறுகிறவர்களுக்கு. கீழே நிற்கிறவர்களுக்கு அடுத்தவர் வேர்வை.

ஆனால் இந்தத் திருவிழாவில் பார்த்தே தீருவது என்று இருந்தாள். அவளுடைய எட்டு வயது மகள் அலோமா முதல்முறையாக ஏழாவது அடுக்கில் ஏறிக் கையைத் தூக்கப்போகிறாள். அந்தக் கை உயர்ந்தால்தான் கோபுரம் நிறைவேறியதாக அர்த்தம். குழுத் தலைவர் ஃபெர்ரியோலிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு கோபுரத்துக்கு வெளியே நிற்க அனுமதி வாங்கியிருந்தாள்.

அடியில் கடைசி வரிசையில் நிற்கிற பெனெத் அதைக் கெடுத்தான். காலையில் ஒயின் பீப்பாயைத் தனியாளாகத் தூக்கப்போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"கோவிச்சுக்காத ரெமெய்," ஃபெர்ரியோல் தலையைச் சொறிந்தார். "கடைசி வரிசையில ஒரு ஆள் குறையுது. நீ வந்தாத்தான் ஆகும்."

"அந்த பயில்வான் இன்னிக்குத்தானா பீப்பாய் தூக்கணும்?"

ரெமெய் சுற்றுமுற்றும் ஆள் தேடினாள். அப்போதுதான் ரொட்டிக்கடை மாடியில் இரண்டு மாதமாகக் குடியிருக்கும் பின்லாந்துக்காரன் வெய்க்கோ கண்ணில் பட்டான். கையில் ரொட்டியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரெமெய் போய் அவன் தோளை அழுத்திப் பார்த்தாள். "தம்பி, ரொட்டிய முழுங்கு. உனக்கு வேலை இருக்கு."

"நான்... வெளிநாடு," என்றான் அவன், தனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச வார்த்தையில்.

"தள்ளுறதுக்கு யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க. வா."

முதுகுக்குப் பிடிமானமாக இடுப்பில் சுற்றியிருந்த நீளமான கறுப்புத் துணிக் கச்சையை அவிழ்த்தாள். ஒரு முனையை அவன் இடுப்பில் வைத்து, மறுமுனையை இழுத்துப் பிடித்து, அவனைப் பம்பரமாகச் சுற்றவிட்டாள். "தலையக் குனி. கைய நீட்டு. என்ன ஆனாலும் மேல பாக்காத. பாத்தே, நானே அடிப்பேன்."

கோபுரம் எழுந்தது. ரெமெய் சுவரோரம் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டாள். தலைக்கவசத்தோடு அலோமா முதல் முதுகில் கால் வைத்ததைக் கண்ணாரப் பார்த்தாள். நாயனம் போன்ற குழல்கள் ஒலிக்கத் தொடங்கின.

சதுக்கமே ஆர்ப்பரித்தபோது அவள் கண்ணுக்குத் தெரிந்தது தன் செருப்பு. முகவாய் நெஞ்சில் ஒட்டியிருந்தது. இரண்டு கைகளும் முன்னால் நின்ற மீன்கடைக்காரரின் முதுகை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. மனிதர் பாவம், விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தார்.

"ஏம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார்.

ரெமெய் நிமிர்ந்தாள். உச்சியில் யாருமில்லை. அலோமா மறுபக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன உடம்பு, குழலோசை கேட்டதும் பழக்கதோஷத்தில் குனிந்துவிட்டது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கோபுரம் கலைந்ததும் வெய்க்கோ ஓடிவந்தான். "இடது கை தூக்கினா. அப்புறம் மூக்கு சொறிஞ்சா. சிரிச்சா. முன்னாடி பல்லு இல்ல."

"மேல பாக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. பாத்துட்டேன்."

அடிக்க ஓங்கிய கை அவனைக் கட்டிக்கொண்டது. அதற்குள் அலோமா வந்து இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

"பாத்தியாம்மா?"

பொய் சொல்ல ரெமெய்க்கு வாய் வரவில்லை. "இல்லடி கண்ணு. குனிஞ்சு தொலைச்சுட்டேன்."

"தெரியும். மேல போனதும் காலு உதறுச்சு. கீழ பாத்தேன். வெளிய நிக்கிறவங்க எல்லாரும் அண்ணாந்து பாக்கிறாங்க, நீ மட்டும் அங்க குனிஞ்சு நின்னு கைய நீட்டித் தள்ளிட்டிருந்த. அம்மா தாங்குது, விழ மாட்டேன்னு கையத் தூக்கிட்டேன்."

ரெமெய்க்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மூக்கைச் சிந்திவிட்டு, வெய்க்கோவின் இடுப்பிலிருந்து கச்சையை அவிழ்த்து, ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள்.

"அடுத்த கோபுரத்துக்கு நான் உள்ள போறேன். இத இழுத்துப் பிடி. எனக்குப் பாக்கவே வரல தம்பி, நீ பாத்துச் சொல்லு."