சத்தமில்லாத பேச்சு

அப்பா அருகிலேயே தூங்கிக்கொண்டிருந்ததால், ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் அக்காவிடம் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். ராஜபாளையம் மில்லில் மிஷின் இரைச்சலுக்குள் வேலை பார்க்கிற எங்கள் மூவருக்கும் இந்தப் பேச்சு பழக்கம்.

"அக்கா, காலைல டிவியில நான் வருவேன். அப்பா பாத்தாவன்னா கொன்னுருவாவ."

"ஏட்டி, என்ன உளறுத?"

போன மாதம் காய்ச்சல் என்று லீவு போட்டு, பாடகி அம்புஜவல்லியின் வீடியோவில் நடிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனதைச் சொன்னேன். தேருக்கு முன்னால் அவர் பாடிக்கொண்டு வர, பூக்கூடையோடு நான் கூடவே நடக்க வேண்டும். பயத்தில் இரண்டு முறை கால் பின்னிக்கொண்டது.

"அப்பதான் பாத்தேன்க்கா. அவிய தள்ளி நின்னு சத்தமில்லாம வாயசைச்சாவ. 'பெருமாளே, கேமராவப் பாத்தாப் பயமா இருக்கே'ன்னு. அம்புட்டுப் பெரிய பாடகி!"

"பொறவு?"

"கிட்டப் போயி, 'எனக்கும் பயந்தாம்மா'ன்னேன். எப்படித் தெரிஞ்சுதுன்னு மலைச்சுப் போயிட்டாவ. பொறவு சிரிச்சுட்டு, எங் கையப் பிடிச்சுக்கிட்டே பாடுனாவ. அந்தக் குரலு எங் கைக்குள்ள அதிர்ந்துச்சுக்கா. இப்பவும் இருக்கு."

அக்கா என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!

அவர் உதடு மெல்ல அசைந்தது.

"நெசமாவே அவிய உங் கையப் பிடிச்சாவளா?"

தலையாட்டினேன். அப்பா என் கையையே பார்த்தார்.

"காலைல என்னைய எழுப்பிரு."