கை வைக்காத கையெழுத்து

கண் மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேறொரு கட்டிடத்தின் உச்சியில் கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தார். பேசியது மருத்துவமனையில் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மா.

"சார், போன வாரம் நீங்க பாத்துட்டு சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்களே, அந்த லிஃப்ட் மூணாவது மாடியில ஒரு சாண் கீழ இறங்கி நிக்குது. கண்ணுல கட்டோட வர்றவங்க தடுக்கி விழறாங்க."

போன வாரம் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போனில் இருந்த அடையாள வாலட் செயலியைத் திறந்தார். ஆறு மாதத்துக்கு முன் வந்த புதிய சட்டப்படி, பாதுகாப்புச் சான்றிதழில் பேனாவால் போட்ட கையெழுத்து செல்லாது. ஒவ்வொருவரும் தன் வாலட் வழியாகத்தான் போட வேண்டும். அப்படி விழுந்த கையெழுத்து அவருடையது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அவர் வேலை பார்த்த லிஃப்ட் சோதனை நிறுவனத்தின் அலுவலகத்தில் கடைசியாக இதற்கு ஒப்புக்கொண்டவர் அவர்தான். ஒரு போல்ட்டை இரண்டு முறை திருகிப் பார்க்காமல் நகராத மனுஷன் என்பதால் அங்கே அவருக்கு 'ரெண்டு தடவை' என்றே பெயர்.

இதுவரை போட்ட கையெழுத்துகள் தொண்ணூற்றேழு என்று காட்டியது வாலட். சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்த ஆறு மாதத்தில் தான் ஏறி இறங்கிய லிஃப்டுகளை எண்ணினார். ஐம்பத்தாறு. படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி எண்ணினார். அதே ஐம்பத்தாறு.

மீதி நாற்பத்தொன்றை யார் போட்டது? அன்று முழுக்க எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகத்தையும் அவர் அந்தக் கேள்வியோடுதான் பார்த்தார். கூட வேலை பார்ப்பவன் தோளில் கை போட்டபோது சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, குளிக்கப் போகும்போது போனை யாராவது எடுப்பதுண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கேள்வி யாருக்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டு என்ன செய்யப் போறேன்?" என்றாள். அவருக்குக் கூசிப்போனது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்த வாலட்டை உங்க போன்ல போட்டுக் கொடுத்தது என் தம்பிதானே?"

மச்சினனுக்குத் தன் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அந்த நினைப்பு காலையிலிருந்தே அவருக்குள் இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் முதலில் மருத்துவமனைக்குப் போனார். மொட்டை மாடியில் மெஷின் ரூமைத் திறந்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு பிரேக்கைக் கழற்றினார். உரசி நிறுத்தும் லைனிங் தேய்ந்து தாளாகியிருந்தது. சுவிட்சைப் பூட்டிவிட்டு, மாடிமாடியாக இறங்கி 'ஓடாது' என்று அட்டை மாட்டினார். அதன்பிறகுதான் அலுவலகம்.

மச்சினன் மறைக்கவில்லை. கணினியில் பட்டியலைத் திறந்து காட்டினான். நாற்பத்தொன்றும் இரண்டே வெள்ளிக்கிழமைகளில், நாலைந்து நிமிடத்துக்குள் விழுந்திருந்தன. எதுவும் அவர் போனிலிருந்து போகவில்லை. எல்லாம் மேனேஜர் அறைக் கணினியிலிருந்து. வாலட்டின் உள்பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரு வரி இருந்தது: 'என் சார்பில் நிறுவனம் கையெழுத்திட ஒப்புக்கொள்கிறேன்.' பக்கத்தில் டிக்.

"நீங்கதான் மாமா விரல வெச்சீங்க."

"எதுக்கு வைக்கிறேன்னு நீ சொன்னியா?"

அவன் பட்டியலை மூடினான். மேனேஜர் எல்லாருக்கும் அப்படித்தான் போடச் சொன்னார், வெறும் வசதிக்கு என்றார் என்று முணுமுணுத்தான்.

மேனேஜர் அவரை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு பேசினார். ஆள் பற்றாக்குறை, கெடு நெருங்கிவிட்டது, ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். பிறகு, "சட்டப்படி அது உங்க கையெழுத்து. நாளைக்கு எங்கயாவது ஏதாவது ஆச்சுன்னா..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினார். மாட்டுவது தான்தான் என்று மீதியை இன்ஸ்பெக்டரே மனசுக்குள் முடித்துக்கொண்டார்.

வெளியே வந்து அரசின் லிஃப்ட் ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒப்புதல் இருக்கும்வரை கையெழுத்து செல்லும் என்றே சொன்னார். ஆனால் தன் பெயரில் விழுந்ததைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. "திரும்பப் பெற்ற நிமிஷமே அந்த லிஃப்டை நிறுத்தணும். நாற்பத்தொன்னும் நிக்கும். யோசிச்சுக்கோங்க."

வாசலில் நின்றபடியே முதலில் ஒப்புதலை நீக்கினார். பிறகு ஒவ்வொரு சான்றிதழாகத் திறந்து கட்டைவிரலை வைத்தார். முகவரியைப் படித்துவிட்டுத்தான் வைத்தார். முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

மதியத்துக்குள் ஊர் வாயில் விழுந்தார். எட்டாவது மாடிக்காரர் ஒருவர் மூச்சு வாங்க வாங்கப் போனில் திட்டினார். படியேறிக்கொண்டே திட்டுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. சாயங்காலம் மேனேஜர் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்.

நான்காம் நாள் ஒழுங்குமுறை அலுவலகம் ஒரு குழுவை அனுப்பி அவரையும் கூட வரச் சொன்னது. ஐந்து வாரம் ஏறி இறங்கினார்கள். முப்பத்தைந்து லிஃப்டுகளில் குறை பெரிதாக இல்லை. ஆறு ஓடியிருக்கவே கூடாதவை. அதில் ஒன்றில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த குடியிருப்பில், இரும்புக் கயிற்றின் இழைகள் பாதிக்குமேல் அறுந்து சிலிர்த்துக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு முறை தொட்டுப் பார்த்தார். மேனேஜரின் சான்று தரும் உரிமம் பறிபோனது. போவதற்கு முன், அந்த டிக் கணினிப் பிரிவுப் பையன் தவறுதலாகப் போட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தானும் விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். மேனேஜர் சொன்னது, தான் செய்தது இரண்டும் அதில் இருக்கிறதாம்.

"தெரிஞ்சு செஞ்சேன்னு எழுதினியா, தெரியாம செஞ்சேன்னு எழுதினியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"பாதி தெரியும்னு எழுதினேன் மாமா. மீதியை நான் கேட்டுக்கல. கேட்டா வேலை போயிடும்னு தோணுச்சு."

இத்தனை நாளில் தன்னிடம் சொல்லப்பட்டவற்றில் இன்ஸ்பெக்டருக்கு இது ஒன்றுதான் நம்பும்படி இருந்தது. மனைவி உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.