விருந்தாளிக் குடில்

ஒழுகாத கூரை போடச் சொல்லித்தான் இதுவரை எல்லாரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒழுகும்படி போடச் சொன்ன முதல் ஆள், இந்தக் கிழமை வந்த கூட்டத்தை நடத்துகிற நொயெமி. வெள்ளிக்கிழமை மத்தியானம், மண்டரின் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே நான் கட்டிமுடித்த குடிலுக்குள் அவள் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தாள். "இன்னும் எடு, ரொபேர்த்தோ. இரவில் நட்சத்திரம் தெரிய வேண்டும்" என்றாள். நான் ஏணியில் நின்றபடி இரண்டு பேரீச்ச ஓலைகளை இழுத்துக் கீழே போட்டேன். "இன்னும்" என்றாள். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நனைவோம் என்றாள். காசு கொடுத்து நனைய வருகிறவர்களோடு எதைக் கதைப்பது? இன்னும் இரண்டு ஓலைகளை எடுத்துவிட்டு மெல்ல இறங்கினேன். நகரத்துக்கு வெளியே உள்ள இந்தச் சியாகுல்லி மண் மேடும் பள்ளமுமானது. ஏணி எங்கே வைத்தாலும் ஆடும். முன்பு பிடிக்க ஆள் இருந்தது. இப்போது கல் வைத்து முட்டுக்கொடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தோட்டத்தின் பழைய வீட்டைச் சொந்தக்காரர் சனி ஞாயிறுகளில் வாடகைக்கு விடுகிறார். நானும் மனைவி ஸ்ரெல்லாவும் வாசல் பக்கமுள்ள இரண்டு அறைகளில் குடியிருக்கிறோம். நான் மரங்களைப் பார்க்கிறேன், வருகிறவர்களுக்கு அவள் சமைக்கிறாள். போன மாதம் மூச்சுப் பயிற்சிக்காரர்கள் வந்தார்கள். இந்த முறை வந்தவர்கள் யூத வழிபாட்டையும் மண்ணையும் மரத்தையும் நிலவையும் கும்பிடுகிற பழைய முறைகளையும் ஒன்றாய்க் கலந்து செய்கிற கூட்டம். மிலானோவிலிருந்தும் ரோமிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர், அநேகமாய்ப் பெண்கள். வந்திறங்கியதுமே சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு முள்ளுக்குள் நடந்தார்கள். நான் போன கிழமை கொப்பு வெட்டிவிட்ட மரத்தை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். என்னில் கோபமோ என்று நினைத்துக் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

எனக்கு இதெல்லாம் பயம். மன்னாரில் பிறந்து, மாதா கோயில் மணியோடு வளர்ந்தவன் நான். எங்கள் கோயில் பங்கில் யாருக்கும் தெரிந்தால் கதை நகரத்து நடுவிலுள்ள பொலிதேயாமா வரைக்கும் போய்விடும். "நீ குசினியை விட்டு வெளியிலை வராதை" என்று ஸ்ரெல்லாவுக்குச் சொன்னேன்.

"எங்கடை ஆண்டவரும் யூதர்தானே" என்று சொல்லிவிட்டு அவள் பருப்பைக் கழுவினாள்.

குடிலின் கிழக்கு மூலையில் நொயெமி ஒரு நாற்காலியை வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தாள். யாருக்கு என்று கேட்டேன். விருந்தாளிகளுக்கு என்றாள். அறுவடை முடிகிற இந்தப் பண்டிகையில் அவர்கள் குடில் கட்டி, தங்கள் முன்னோரைப் பெயர் சொல்லி உள்ளே அழைப்பார்களாம். அவளுடைய ஆட்கள் இந்த நகரத்தில்தான் இருந்தார்களாம். ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு ராசாவின் கட்டளை வந்தது. தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். "அவர்கள் திரும்பி வரவேயில்லை. அதனால் நான் வந்து கூப்பிடுகிறேன்" என்றாள். அவளைப் பார்த்துச் சிரிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதென்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஐந்நூறு வருடம் போன பிறகும் ஒருத்தி வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எங்கள் வீட்டில் மூன்று வருடத்துக்கு முன் போனவனின் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பிறகு வாயை மூட முடியாமல் போய்விடுமோ என்று பயம்.

அவன் எங்கள் ஒரே பிள்ளை. பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பொலிதேயாமாவுக்குப் பின்னால் உள்ள ஒரு வளைவில், மழையில், மோட்டார்சைக்கிள் வழுக்கியது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகும் ஸ்ரெல்லா ஒவ்வொரு வேளையும் மேசையில் மூன்று சோற்றுக் கோப்பைகள் வைத்தாள். மூன்றாவதில் சோறு போட மாட்டாள், வைப்பாள், அவ்வளவுதான். கேற் சத்தம் கேட்டால் கதையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். சாப்பிட்டு முடிந்ததும் ஒருவரும் தொடாத அந்தக் கோப்பையையும் சேர்த்துக் கழுவுவது என் வேலை. ஆள் மெலிந்துகொண்டே போனாள். சிலநேரம் நான் கூப்பிட்டால் என்னைத் திரும்பிப் பார்க்கிற பார்வை, யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது போல இருக்கும். இப்படியே போனால் இவளையும் அவன் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்று எனக்குத் தோன்றும். பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைப்பது பாவம்தான். ஆனாலும் நினைத்தேன்.

அன்று பொழுதுபட்டபோது குடிலுக்குள் மெழுகுதிரிகளை ஏற்றினார்கள். ஓலையையும் இலைக்கொத்துகளையும், எலுமிச்சையைவிடப் பெரிய மஞ்சள் காய் ஒன்றையும் சேர்த்துப் பிடித்து, கிழக்கே மேற்கே வானத்துக்கு மண்ணுக்கு என்று ஆட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராய் ஒரு பெயரைச் சொன்னார்கள். அம்மா, அத்தை, பிறக்காமல் போன பிள்ளை. நான் வெளியே வெளிச்சத்துக்கு வயர் இழுத்துக்கொண்டு நின்றேன். ஸ்ரெல்லா சூப் பானையோடு வந்தாள். நொயெமி அவளைப் பார்த்து, "உனக்கும் யாராவது இருந்தால் கூப்பிடு" என்றாள்.

ஸ்ரெல்லா பானையைக் கீழே வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"ஜெனோஜன்" என்றாள். பிறகு தமிழில், "வா மகன். இஞ்சை இடமிருக்கு."

என் கையிலிருந்த வயர் விழுந்துவிட்டது. மெழுகுதிரிச் சுவாலைகள் எல்லாம் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்தன. காற்றாகத்தான் இருக்கும். ஆனால் என் தலைக்கு மேலே ஓர் இலைகூட அசையவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் மேசையில் இரண்டு கோப்பைகள்தான் இருந்தன. எனக்கு நம்ப முடியவில்லை. ஸ்ரெல்லா இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். பல்லரோச் சந்தையில் வாங்கிய மீனில் முள்ளுக் கூடிப்போச்சு என்று குறை சொன்னாள். மூன்று வருடத்தில் அவள் சாப்பாட்டைக் குறை சொன்னது அன்றுதான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதவளுக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன். பிறகுதான் அலுமாரியைப் பார்த்தேன். அங்கே மூன்றாவது கோப்பை இல்லை.

"எங்கை அது?"

"அவன் குடிலுக்கைதான் இருக்கிறான்" என்றாள் ஸ்ரெல்லா, கடைக்குப் போனவனைப் பற்றிச் சொல்வது போல. "அங்கை அவனுக்குச் சுகமா இருக்கு. இந்த வீட்டுக்கை காத்தில்லையெண்டு எப்பவும் சொல்லுவானெல்லே."

அவள் முகம் தெளிந்திருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. ஞாயிறு மத்தியானம் விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு, அன்றைக்கே குடிலைப் பிரித்துவிட வேண்டும் என்று நொயெமி எனக்கு முதலே சொல்லியிருந்தாள். ஸ்ரெல்லாவுக்கு அது தெரியாது. எப்படிச் சொல்வது?

சாயங்காலம் நொயெமியைத் தேடிப் போனேன். அவர்களுடைய ஓய்வுநாளான சனிக்கிழமை முடிகிற நேரம். எங்கள் குசினியிலிருந்து வாங்கிப்போன கறுவாவையும் கராம்பையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, ஆளுக்காள் மணந்து பார்த்துக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அவளைத் தனியே கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். என் இத்தாலிய மொழி அவ்வளவு நல்லதில்லை. இந்த விசயத்துக்கு அது இன்னும் மோசமானது. அவள் சிரிக்கவில்லை. குடிலை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன்.

முடியாது என்றாள். குடில் பிரிக்கப்பட வேண்டும், வந்தவர்களை அனுப்ப வேண்டும். கூப்பிட்டவர்கள்தான் அனுப்ப வேண்டும்.

"அனுப்பாவிட்டால்?"

இரண்டு நாளாய் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள் அப்போது கிண்ணத்தைப் பார்த்தாள். "தெரியாது, ரொபேர்த்தோ" என்றாள்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் வட்டமாய் நின்று, கூப்பிட்ட பெயர்களைத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் வைனை மண்ணில் ஊற்றினார்கள். கடைசியில் நொயெமி ஸ்ரெல்லாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்ரெல்லா கோப்பிக் குவளைகளைப் பொறுக்கினாள். கூப்பிட்ட பெயரைத் திரும்பச் சொல்லவில்லை. கார்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. நொயெமி போகும்போது என் கையைப் பிடித்துவிட்டு ஏறிப் போனாள்.

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஸ்ரெல்லா குடிலுக்குள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். வெள்ளைத் துணியின் மேல் காணாமற்போன கோப்பை. அதில் சோறும் மீன்குழம்பும். இந்த முறை சோறு போட்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு வேண்டாம்."

"நாளைக்குச் சொந்தக்காரர் வாறார், ஸ்ரெல்லா. அடுத்த கிழமை இஞ்சை கலியாணம்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வழிப்போக்கனைப் பார்க்கிற பார்வை இல்லை அது.

"அப்ப நீங்க சொல்லுங்கோ. நான் கூப்பிட்டன். போ எண்டு சொல்ல என்னாலை ஏலாது."

நான் குடிலின் வெளிப்பக்கம் போய் ஏணியைச் சாத்தி ஏறினேன். வேலை செய்தால் கதைக்கத் தேவையில்லை. முதலில் ஓலைகள், பிறகு கொப்புகள். ஒவ்வொன்றாய் வெட்டிக் கீழே போட, வெயில் துண்டுதுண்டாய் ஸ்ரெல்லாவின் தலையில் விழுந்தது. வெட்டிய இலைகள் நாற்காலியிலிருந்த சோற்றின் மேலும் விழுந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. பாதிக் கூரை போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஏணிக்கு நான் கல் வைக்கவில்லை. வைக்க மறந்தே போனேன். ஆனால் ஏணி ஆடவில்லை.

ஆடாமல் நிற்பது என்றால் எப்படியென்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து ஜெனோஜன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஏணி பிடிப்பான். ஒரு காலை அடிப்படியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண் எப்போதும் போனில். நான் சத்தம் போடுவேன். "பாக்காமலே பிடிப்பன் அப்பா" என்பான். பிடிக்கவும் செய்தான், ஒருநாளும் என்னை விழவிட்டதில்லை. வேலை முடிந்து, போதும் என்று நான் சொன்னால்தான் கையை எடுப்பான். அந்தப் பிடியில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும், ஏணி மண்ணோடு அழுந்துகிற மாதிரி. அதே இழுப்பு இப்போது என் உள்ளங்காலில் தெரிந்தது.

நான் கீழே பார்க்கவில்லை. பார்த்து, ஒருவரும் இல்லையென்றால் என்ன செய்வேன்? இருந்தால் என்ன செய்வேன்? ஸ்ரெல்லா குடிலுக்குள் இருக்கிறாள், அவளுடைய நரைத்த உச்சி எனக்குத் தெரிகிறது. கூரையில் இன்னும் ஒரே ஒரு கொப்புத்தான் மிச்சம். அதை வெட்டாமல் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இப்படியே மேலே நின்றுவிடலாம் என்று ஆசைப்பட்டேன். மூன்று வருடமாய் அவன் போய்விட வேண்டும் என்று செபித்தவன் நான்.

என் வாய் தானாய்த் திறந்தது. மந்திரமோ செபமோ வரவில்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னதுதான் வந்தது.

"காணும், ஜெனோ. கையை விடு. நான் இறங்கிறன்."

ஏணி சரிந்தது. நான் குடில் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். கத்தரிக்கோல் கீழே போய் விழுந்தது. ஸ்ரெல்லா நாற்காலியைத் தட்டிவிட்டு ஓடிவந்து, ஒரு காலை அடிப்படியில் வைத்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மரங்களுக்கு நடுவே கேற்றுக்குப் போகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பச்சைக் காய்கள் மட்டும்தான் தொங்கின.

"பிடிச்சிருக்கிறன்" என்றாள் பாதையைப் பார்த்தபடியே. "இறங்குங்கோ."

 அவள் பிடியில் ஏணி ஆடியது. வெட்டாத கடைசிக் கொப்பு என் தலைக்கு மேலே இருந்தது. நான் ஒரு படி இறங்கி, அடுத்த படியைக் காலால் தேடிக்கொண்டு நின்றேன்.