நிவேதிதா வீட்டில் ஐம்பத்தைந்து கிலோ

பாடி மேம்பாலத்துக்குப் பின்னால் இருந்த நூறு வருஷத்து இரும்புக் கிடங்கைக் குடியிருப்பாக மாற்றினார்கள். முப்பத்தொரு வருஷம் அங்கே லாரிகளுக்கு எடை போட்டவன் என்று என்னையே காவலுக்கும் வைத்துக்கொண்டார்கள். எடை மேடையைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு, அதன்மேலேயே பலகை அடித்து, பரண் மாதிரி மாடியில் படுக்கையறை வைத்து ஒரு வீடு கட்டினார்கள். சுவரிலிருந்த எடைமுள்ளை அழகுக்கு விட்டுவிட்டார்கள். ஈரோட்டிலிருந்து வந்த நிவேதிதா சாமான்களை இறக்கியதும், காலி வண்டிக்குச் செய்கிற வழக்கப்படி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம் வந்து நின்றாள்.

"உலகநாதன் ஐயா, நான் இல்லாதப்ப வீட்டுல யாரோ இருக்காங்க. பூட்டிட்டு ஜன்னல்ல பார்த்தா முள்ளு ஐம்பத்தஞ்சு காட்டுது. யாருன்னு தெரியலைன்னா ஞாயித்துக்கிழமை காலி பண்ணிடுவேன். ஆசைப்பட்டு வந்த வீடுங்க."

"உன் வெயிட்டு இன்னாமா?"

"ஐம்பத்தஞ்சு."

கட்டிலடி, அலமாரி எல்லாம் தேடினோம். ஒரு பல்லி இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாங்கள் இருவரும் உள்ளே நின்றபோது முள் நூற்றுப்பதினேழு காட்டியது. நான் அறுபத்திரண்டு. சரிதான். இருவரும் வெளியேறி ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். என் அறுபத்திரண்டு ஒழுங்காக என்னோடு இறங்கியிருந்தது. அவளுடைய ஐம்பத்தைந்து உள்ளேயே இருந்தது.

பக்கத்து மருந்துக்கடைக்கு அழைத்துப்போய் எடை மிஷினில் ஏற்றினேன். முள் அசையவில்லை.

"இன்னா நைனா, மிசின ஒடைக்க வந்துகினியா?" என்று கடைக்கார தேவராஜ் தானே ஏறினான். எண்பத்தொன்று. மறுபடி அவள் ஏறினாள். பூஜ்யம்.

"ஏம்மா, சாப்புடவே மாட்டியா?"

"சாப்பிட எங்கண்ணா நேரம்? காலையில ஏழு மணிக்கு பஸ் ஏறினா, ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு."

திரும்பி வந்து மாடிக்கு ஏறினோம். காலையில் அவள் தட்டி வைத்த தலையணை நடுவில் குழிந்திருந்தது. மெத்தையில், ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஆள் அளவுக்கு ஒரு பள்ளம். யாரும் இல்லை. பள்ளம் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது, மூச்சு விடுகிற மாதிரி.

நிவேதிதா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு என் காதோரம், "ஒருத்தியாவது தூங்குறாளே" என்றாள்.

"பேச்சு குடுத்துப் பாக்கட்டுமா?"

"வேண்டாங்க, எழுந்திருச்சிடப் போறா. செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் காலி செய்யவில்லை. மாடி ஜன்னலுக்குக் கெட்டியான திரைச்சீலை வாங்கி வந்து மாட்டினாள்.