இரவல் வாங்கிய அடுக்களை

தூத்துக்குடித் துறைமுகக் கிடங்கில் முப்பத்துநாலு வருஷம் சரக்கு அடுக்க வைத்தவர் தாணுலிங்கம். முந்திரி மூட்டை எங்கே, உர மூட்டை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மனைவி செல்லத்தாய் கண் வைத்தியத்துக்காகத் திருநெல்வேலியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போனபோது, வேலை கிடைத்துவிட்டது. அடுக்களையைச் சீர்படுத்துவது.

ஒரு வருஷமாகவே கவனித்து வந்தார். கடுகு எடுக்கப் போனால் செல்லத்தாய் வரிசையாக நாலு டப்பாவைத் தடவிக்கொண்டே போவாள். சீரகத்துக்கு ஆறு. அடுக்கு சரியில்லை, பாவம் தேடுகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

கடையிலிருந்து ஒரே அளவில் முப்பத்திரண்டு கண்ணாடி டப்பா வாங்கி வந்தார். எல்லாவற்றுக்கும் எண் எழுதி ஒட்டினார். காது உடைந்த சாடி, நெளிந்த தகரம், மூடி மாறிய பாட்டில் என்று இருந்த பழசையெல்லாம் கழுவி ஒரு சாக்கில் கட்டிப் புறவாசலில் வைத்தார். பழைய இரும்புக்காரர் திங்கட்கிழமை வருவார். அடுக்களை பளிச்சென்று இருந்தது. அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்து அவரே சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"நாளைக்குக் காலைல வந்திருவேன். சாப்பிட்டியளா?" என்றாள் செல்லத்தாய்.

"ஆச்சு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"போன பார்வை போனதுதானாம். இருக்கத காப்பாத்த மருந்து ஊத்தச் சொல்லிருக்காரு."

"போனதுன்னா? எம்புட்டு தெரியுது உனக்கு?"

"ரெண்டு வருஷமா எல்லாம் நிழலாத்தான் தெரியுது. சொன்னா நீங்க அடுக்களைக்குள்ள விடமாட்டிய, அதான் சொல்லல." சிரிக்கப் பார்த்தாள். "பயப்படாதிய. கண்ணுக்குத் தெரியாட்டாலும் அடுக்களை என் கைக்குத் தெரியும். அது ஒண்ணு இருக்குல்லா எனக்கு. நாளைக்கு வந்ததும் நானே காப்பி போட்டுத் தாரேன்."

தாணுலிங்கம் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். முப்பத்திரண்டு டப்பாக்கள். ஒன்றுபோல் ஒன்று. கண்ணை மூடி ஒன்றைத் தொட்டார், அடுத்ததைத் தொட்டார். வித்தியாசமே இல்லை. அவள் தேடவில்லை, எண்ணிக்கொண்டு போயிருக்கிறாள்.

சாக்கைத் தூக்கி வந்து தரையில் கொட்டினார். எதில் எது இருந்தது? எது எங்கே இருந்தது? கழுவியதால் வாசனைகூட இல்லை. முப்பத்தெட்டு வருஷம் இந்த வீட்டில் சாப்பிட்டவருக்கு உப்புச்சாடி இருந்த இடம் தெரியவில்லை.

"அண்ணாச்சி! ரெண்டு கொத்து கறிவேப்பில ஒடிச்சுக்கிடட்டா?"

அடுத்த வீட்டு பிளாரன்ஸ். புன்னைக்காயலில் பிறந்து இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். ஒரு நாள் சீனி, ஒரு நாள் புளி என்று வாங்காத நாள் கிடையாது. அவளுக்கு 'இரவல்' என்று பட்டப்பெயர் வைத்தவரே தாணுலிங்கம்தான். "எடுத்துட்டுப் போறவ சும்மாவா போறா? நாலு வார்த்த பேசிட்டுல்லா போறா" என்பாள் செல்லத்தாய்.

பிளாரன்ஸ் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். "ஐயோ மாதாவே! இது அக்கா வீடா, மருந்துக்கடையா?"

தாணுலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிலுவை போட்டுக்கொண்டு முந்தானையைச் செருகினாள்.

"அக்கா ஒருநாளும் எந்திரிச்சு வந்து எடுத்துத் தந்ததில்ல, அண்ணாச்சி. 'நீயே எடுத்துக்கோளா, காது ஒடஞ்ச சாடிக்கு அடுத்தது'ம்பா. எனக்குத் தெரியாத டப்பா இங்கன எது? மொதல்ல உப்ப வைப்போம். வெளக்கு வச்சப்புறம் உப்பத் தொடக்கூடாதும்பா அக்கா."

ஒருவருக்குக் கொடுத்தது எங்கும் தொலைந்து போவதில்லை. ஆண்டவன் அதைப் பக்கத்து வீட்டிலேயே பத்திரமாக வைத்திருக்கிறான்.

உப்பு, புளி, வற்றல் என்று ஒவ்வொன்றாக இடம் திரும்பியது. பிளாரன்ஸ் இடது கையால் சீனியை நீல மூடி டப்பாவில் கொட்டிக் கரண்டியைச் செருகினாள்.

"இந்த ஹார்லிக்ஸ் பாட்டில், உங்க மக இந்துமதி வயித்துல இருக்கும்போது நீங்க வாங்கியாந்ததாம். அக்கா ஒரே வாரத்துல குடிச்சுத் தீத்துட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

அவர் அதை மறந்தே போயிருந்தார்.

காற்றாலை படம் போட்ட பிஸ்கட் தகரத்தை அவள் இரண்டு கையாலும் எடுத்தாள். "இதத் தொட்டா மட்டும் 'பாத்துளா, கப்பல்லருந்து அவுக கொண்டாந்தது'ம்பா."

கல்யாணமான மாதம். ஏதோ கப்பலின் சமையல்காரர் கொடுத்த தகரம். சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சைக்கிளில் வந்தது நினைவுக்கு வந்தது. அதை அவரே சாக்கில் போட்டிருந்தார்.

கடைசியில் ஒரு சின்னப் பித்தளை டப்பா மிஞ்சியது. "காப்பித்தூள் மட்டும் எங்க இருக்கும்னு தெரியாது, அண்ணாச்சி. எங்க வீட்ல டீதான்."

தாணுலிங்கம் முன்னறையில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். காலையில் பேப்பர் படிக்கும்போது உள்ளேயிருந்து வரும் சத்தங்கள். அடுப்பு பற்றும். பால் வைப்பாள். பிறகு சன்னல் பக்கமிருந்து வளையல் சுவரில் உரசும் சத்தம். அதற்கப்புறம்தான் 'டப்' என்று மூடி.

"சன்னல் சுவரு," என்றார். "அடுப்புக்கு மேல, ஓரமா."

மறுநாள் காலை செல்லத்தாய் பையைக் கீழே வைத்த கையோடு அடுக்களைக்குள் போனாள். தாணுலிங்கம் நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ஒரு வரி படிக்கவில்லை. அடுப்பு பற்றியது. வளையல் உரசியது. டப்.

அவருக்கு மூச்சு வந்தது.

டம்ளரை நீட்டியபடி அவள் கேட்டாள்: "பிளாரன்ஸ் வந்தாளா?"

"எப்படிளா தெரியும்?"

"சீனில கரண்டி இடது பக்கம் சாஞ்சிருக்கு. அவ கைவாகு."

இனி மறைத்து என்ன? புது டப்பா, எண், சாக்கு என்று எல்லாவற்றையும் சொன்னார். "இத்தன வருஷம் அவள இரவல்னு சொன்னேன். நேத்து இரவல் வாங்குனது நான்தான்."

செல்லத்தாய் அடுக்களைக்குப் போய் பிஸ்கட் தகரத்தின் மேல் கை வைத்து நின்றாள். கோபமா, அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவ எதுக்கு வந்தா?"

"கறிவேப்பிலைக்கு."

"குடுத்தியளா?"

தாணுலிங்கம் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். விளக்கு வைக்கும்வரை வேலை செய்தவள் வெறுங்கையோடு போயிருக்கிறாள்.

புறவாசலில் இரண்டு கொத்து ஒடித்தார். போதாது என்று தோன்றி ஒரு கிளையையே ஒடித்தார். மாதா கோயில் காலைப் பூசைக்குப் போனவள் திரும்பியிருப்பாளா என்று பார்த்துக்கொண்டு, மதிலோரம் நின்று கூப்பிட்டார்.

"ஏளா பிளாரன்ஸ்!"